என் கணவர் வளர்த்த கோலிப்ரிகள்

விமான நிலையத்தில் என் கணவர் யோகனோடு ஒரு பெண் நின்றாள்.

நல்ல உயரம். கழுத்தளவில் வெட்டிய வெளிர் மஞ்சள் தலைமயிர். சப்பாத்தில் காய்ந்த சேறு. நகக்கண்களில் மண். பேப்பரில் சுற்றிய சிவப்புப் பூக்களை அவர் பிடித்திருந்தார், கார்த் திறப்புக் கொத்தை அவள் பிடித்திருந்தாள். கலியாணம் முடித்து ஒரு மழைக்காலம் மட்டும் ஒரே வீட்டில் இருந்தோம். பிறகு அவர் போய்விட்டார். நாலு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்க்கிறேன். முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று விமானத்தில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அந்தப் பெண்ணின் முன்னால் ஒன்றும் வரவில்லை.

“நல்லா மெலிஞ்சு போனீங்கள்,” என்றேன்.

“இவ கிர்ஸ்டன். என்னோடை வேலை செய்யிறவ. கார் இவவின்ரை,” என்றார்.

கிர்ஸ்டன் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கடையில் மரக்கறி தெரிந்தெடுப்பவர்கள் போல என் முகத்தை ஆற அமரப் பார்த்தாள்.

காரில் அவர் முன்னால் ஏறினார். நான் பெட்டிகளோடு பின்னால். வழியெல்லாம் மஞ்சள் வயல். கடுகு போல ஏதோ பூத்துக் கிடந்தது. யோகன் அதைப் பற்றி எனக்குச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் கிர்ஸ்டனோடு டேனிஷில் கதைத்துக்கொண்டு வந்தார். அவள் ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துப் பெரிதாகச் சிரித்தார். அந்த மனிதர் என்னோடு இருந்த மாதங்களில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியாது.

இஷொய் என்ற ஊரில் எங்கள் வீடு நாலாம் மாடியில் இருந்தது. ஒரே மாதிரியான கட்டடங்கள், வரிசை வரிசையாக. அவர் கறுப்புப் பாண் வெட்டி, ஈரல் களி பூசி, மேலே வெள்ளரித் துண்டு வைத்துத் தந்தார். பாண் புளித்தது. நான் கொண்டுபோன மிளகாய்த்தூளில் ஒரு முட்டை பொரித்தேன். அவருக்கு இருமல் வந்து கண்ணால் தண்ணீர் ஓடியது.

“உறைப்பு விட்டுப்போச்சு,” என்றார்.

“வேறை என்னென்ன விட்டுப்போச்சு?”

அவர் எழும்பித் தண்ணீர் குடித்தார். அவருடைய சேட்டில் ஒரு இனிப்பு மணம் இருந்தது. என்ன செண்ட் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவரே சொன்னார்: “அழுகின வாழைப்பழம். அதிலை மொய்க்கிற சின்ன இலையான் வளர்க்கிறனான். கோலிப்ரிக்குச் சாப்பாடு.”

கோலிப்ரி என்பது அவர்கள் சொல்லும் பெயர். எங்கள் பாடப்புத்தகத்தில் ரீங்காரச் சிட்டு என்று இருந்தது. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படிப்பித்தவள். அந்தப் பறவையை ஒரு படத்தில் மட்டும் கண்டிருக்கிறேன், அதுவும் கறுப்பு வெள்ளையில். கார்ட்னரியில் வேலை என்று அவர் முன்பே அறிவித்திருந்தார். கார்ட்னரி என்றால் பூங்கன்று வளர்த்து விற்கிற தோட்டம். அங்கே ஒரு கண்ணாடி வீட்டில் தென்னமெரிக்கப் பறவைகள் வைத்திருக்கிறார்கள் என்பதை எனக்குச் சொல்லவேயில்லை.

அடுத்த நாள் அவர் விடியவே வேலைக்கு வெளிக்கிட்டார்.

“நான் வந்து ஒரு நாள்தானே. லீவு இல்லையோ?”

“அதுகளுக்கு லீவு இல்லையப்பா. சும்மா ஒரு இடத்திலை இருந்தாலும் பத்து, பதினைஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கால் தேன் குடிக்க வேணும். குடிக்காட்டி விழுந்து செத்துப்போகும்.”

நான் கட்டிலில் இருந்தபடி கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்டேன். நாலு வருடம் ஒருத்தி குடிக்காமல் இருந்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது.

பத்து மணிபோல மேல்மாடியிலிருந்து பிலோமினா அக்கா வந்தா. மன்னார்ப் பக்கம். முதியோர் இல்லத்தில் வேலை. சுடச்சுட ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து, “பிள்ளை, சாப்பிடும். நீர் வருவீர் எண்டு நாங்கள் நம்பிக்கை விட்டிட்டம்,” என்றா.

அகதியாக வந்த எங்கள் ஆட்களின் மனைவிமார் எல்லாருடைய விசா விண்ணப்பங்களும் அந்த நாட்டு அமைச்சில் வேண்டுமென்றே நகராமல் வைக்கப்பட்டிருந்த கதை அந்த மாதங்களில்தான் வெளியே வரத் தொடங்கியிருந்தது. பிறகு தமிழர் விவகாரம் என்று பெயரெடுத்து ஒரு அரசாங்கத்தையே விழுத்திய கதை. அப்போது எங்களுக்கு அவ்வளவு தெரியாது. ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று மட்டும் தெரியும்.

“கிர்ஸ்டன் ஆர் அக்கா?” என்று கேட்டேன்.

பிலோமினா அக்கா ரொட்டியைப் பிய்த்தா. “அவள் நல்ல பிள்ளை,” என்றா. நல்ல பிள்ளை என்று சொல்லி நிறுத்துவதைவிடக் கெட்டவள் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேப்பர் விரித்து வைத்துக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். இடையில் ‘தமிலர்’ என்ற சொல் வந்தது. என்னைத்தான் கூப்பிடுகிறார்களாக்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் பேப்பரை மடித்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

“என்ன சொல்லுகினம்?”

“‘பாவம், இவ்வளவு நாள் பெண்சாதி பிள்ளையளைப் பாக்காமல் இருந்திருக்குதுகள்’ எண்டு ஒராள். ‘வரட்டும், ஆனா எல்லாரும் ஒரேயடியா வரக் கூடாது’ எண்டு மற்றவ.”

கண்ணாடி வீட்டுக்குள் கால் வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி முழுக்க நீராவிப் புகார் பிடித்தது. ஒன்றும் தெரியவில்லை. காதுக்குப் பக்கத்தில் ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது, வண்டு இரைவது போல. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில், ஒரு பறவை அந்தரத்தில் நின்றது. சிறகு தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரு மங்கல் மட்டும். தொண்டை பச்சையாக இருந்தது, தலையைத் திருப்பியதும் ஊதாவானது. நான் கட்டியிருந்த சிவப்புச் சேலையைப் பூ என்று நினைத்து வந்திருக்கிறது. பூ இல்லை என்று கண்டதும் பின்பக்கமாகவே பறந்து போனது.

இப்படி ஒன்றைப் பார்க்காமலே இத்தனை பிள்ளைகளுக்கு மகரந்தச் சேர்க்கை படிப்பித்திருக்கிறேன்.

எங்கள் ஊர்த் தேன்சிட்டை எனக்குத் தெரியும். அது செவ்வரத்தைக் காம்பில் வந்து குந்தும். பூவுக்குள் தலையை விடச் சோம்பல்பட்டு, அடியில் ஓட்டை போட்டு உறிஞ்சிவிட்டுப் போய்விடும். பூவுக்கு ஒரு நன்மையும் இல்லை. கோலிப்ரி குந்துவதில்லை. பூவுக்கு முன்னால் நின்றபடியே சொண்டை விட்டு, அதைவிட நீளமான நாக்கை நீட்டி, கண்மூடித் திறப்பதற்குள் குடித்து முடிக்கிறது. குடித்த பூவுக்கு உடனே திரும்பி வருவதும் இல்லை. எந்தப் பூவை எப்போது வெறுமையாக்கினோம் என்று அதற்கு ஞாபகம் இருக்கும் என்றார் யோகன். தேன் ஊற விட்டு வருமாம்.

“இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“கிர்ஸ்டன் சொல்லித் தந்தவ.”

செடியின் பெயர் ஒன்றும் தெரியாமல் வீட்டு வேலியில் பல் விளக்கக் குச்சி முறித்த மனிதர். எனக்குத் தெரிந்த பாடத்தை இன்னொருத்தியிடம் படித்திருந்தார்.

கூரையில் ஒரு கொடி படர்ந்திருந்தது. நூல் போன்ற காம்பில் நீளமான சிவப்புக் குழல் பூக்கள் தலைகீழாகத் தொங்கின. கிர்ஸ்டன் ஒன்றைப் பறித்து என் மூக்கில் பிடித்தாள். மணமே இல்லை. பறவைக்கு மணம் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். தேனீ குந்த இடமில்லாமல் தொங்குவது ஏன் என்பதும் தெரியும். அவள் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த வாயெடுக்க முன்னம் நானே சொன்னேன், மகரந்தம் பறவையின் நெற்றியில் ஒட்டும், அதற்காகத்தான் அந்த வளைவு என்று. அவள் முகம் மலர்ந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவளை மடக்கத்தான் சொன்னேன்.

“இந்தக் கொடி பல வருடம் பூத்தது, ஒருமுறையும் காய்க்கவில்லை,” என்றாள். “பறவைகள் வந்த பிறகுதான் காய்த்தது. முதல் காயை யோகன்தான் கண்டுபிடித்தார். இங்கே நின்று கத்தினார்.”

அவர் கத்தியதை நான் கேட்கவில்லை. அவள் கேட்டிருக்கிறாள்.

மூலையில் ஒரு சிவப்புப் பூப்பற்றையை ஒரு பறவை காவல் காத்தது. பெரிய பறவையும் இல்லை. வேறு எது கிட்ட வந்தாலும் அம்பு போலப் பாய்ந்து துரத்தியது. அவ்வளவு பூவையும் அதால் ஒரு நாளில் குடிக்க ஏலாது. யோகன் அதற்கு, எங்கள் ஊர்க் கிராம அதிகாரியை நினைத்து, விதானையார் என்று பெயர் வைத்திருந்தார். கிர்ஸ்டனும் “விதானையா” என்றுதான் கூப்பிட்டாள். விதானையார் ஒன்றைத் துரத்திக்கொண்டு அந்தப் பக்கம் போக, இலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு சின்னப் பெட்டை வந்து மூன்று நாலு பூவில் அவசரமாகக் குடித்துவிட்டுத் திரும்ப ஒளிந்துகொண்டது. கிர்ஸ்டன் சிரித்து ஏதோ சொன்னாள்.

“காவல்காரனை விடக் கள்ளிக்குத்தான் கனக்கக் கிடைக்குதாம்,” என்று மொழிபெயர்த்தார் யோகன்.

நான் அவளைக் கூர்ந்து பார்த்தேன். அவள் பறவையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளிக்கிடும்போது வாசலோரம் ஒரு வாழை நின்றது. நல்ல திரட்சியான பொத்தி. மடல் ஒன்று உயர்ந்திருக்க, அதன் கீழே பூ வரிசையிலிருந்து தேன் சொட்டியது. வளைந்த சொண்டுள்ள ஒரு கபில நிறப் பறவை கீழே நின்று அண்ணாந்து குடித்தது. எனக்கு ஊர் நினைப்பு வரவில்லை, வறை நினைப்புத்தான் வந்தது. தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு வறுத்தால் எப்படி இருக்கும்.

“இதை வெட்டித் தருவினமோ? இண்டைக்கு வறை செய்வன்.”

யோகனுக்கு முகம் மாறிவிட்டது. “விசர்க்கதை கதையாதையும். அது அதுகளின்ரை சாப்பாடு.”

நாலு வருடத்தில் என் கணவரிடம் முதன்முதலாக ஒரு பொருள் கேட்டேன். பறவைக்கு வேண்டும் என்று இல்லையென்றுவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் நான் தனியாகப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், சொல்லாமல் போனால் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். கையில் அவருக்குச் சோற்றுப் பார்சல், ஒரு சாட்டுக்கு.

அந்த நாட்டு ரயிலில் கதவுப் பித்தானை நாங்கள்தான் அமத்த வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் கதவுக்கு முன்னால் மரியாதையாக நின்றேன். கதவு திறக்கவில்லை. ரயில் வெளிக்கிட்டது. அடுத்த ஸ்டேசனிலும் நின்றேன், அங்கேயும் திறக்கவில்லை. கடைசி ஸ்டேசனில் ஒரு கிழவர் நாயோடு எழும்பி வந்து பித்தானை அமத்தினார். விளங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஊரில் ரயில் கதவுகள் திறந்தே கிடக்கும், விழாமல் பிடித்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. அந்தக் கிழவர் என்னை எதிர்ப்பக்கத்து ரயிலில் ஏற்றி, தானும் ஏறி, நான் இறங்கும் இடத்தில் தானே பித்தானை அமத்திவிட்டு, கையசைத்து அதே ரயிலில் இருந்துகொண்டார். அவர் எங்கே போக வெளிக்கிட்டவரோ தெரியாது.

கண்ணாடி வீட்டுக் கதவை நான் திறந்தபோது முதல் நாள் போல மூக்குக்கண்ணாடியில் புகார் பிடிக்கவில்லை. உள்ளே குளிராக இருந்தது. வாழைக்குக் கீழே யோகனும் கிர்ஸ்டனும் முழங்காலில் இருந்தார்கள். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டிருந்தன. அவருடைய இரண்டு கைகளும் ஒரு கிண்ணம் போலக் குவிந்திருக்க, அவளுடைய கைகள் அவற்றைச் சுற்றிப் பிடித்திருந்தன.

நான் அப்படியே நின்றேன்.

“கதவைச் சாத்தும்! குளிர் வருகுது, சாத்தும்!” என்று அவர் கத்தினார்.

என்னைப் பார்த்து அவர் ஒருநாளும் கத்தியதில்லை. சாத்தினேன், உள்ளே நின்றுகொண்டு. இரவில் சூடாக்கும் இயந்திரம் நின்றுபோயிருக்கிறது. அவர் கைக்குள் ஒரு பறவை கிடந்தது, சொண்டு மேலே பார்க்க, உடம்பு சிலிர்த்து, செத்தது போல. குளிர் தாங்க முடியாத கோலிப்ரி தன் உடம்புச் சூட்டையே இறக்கிவிட்டு, உயிர் இருக்கிறதா என்று தெரியாத அளவுக்கு உறங்கிவிடும். அடுத்த வேளை தேன் கிடைக்கும் வரைக்கும் தாக்குப்பிடிக்க அதுதான் வழி. இதை நான் படித்திருக்கிறேன். யோகன் கைக்குள் ஊதினார். கிர்ஸ்டன் ஒரு சின்னக் குழாயால் சீனித்தண்ணீரை அதன் சொண்டில் தொட்டாள். கனநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்லிய நாக்கு ஒன்று வெளியே வந்து போனது.

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் எனக்கு இடமில்லை. பறவை எழும்பிப் பறந்தபோது நானும் சந்தோஷப்பட்டேன்தான். ஆனால் அது இன்னும் கொஞ்சநேரம் முன்னதாகவே எழும்பியிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சோற்றுப் பார்சலை ஒரு பூச்சட்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிர்ஸ்டனைச் சாப்பிடக் கூப்பிட்டது நான்தான். யோகனுக்கு ஆச்சரியம். “ஏன்?” என்றார். “கார் ஓடினவவுக்கு ஒரு நேரச் சாப்பாடு குடுக்க வேண்டாமே?” என்றேன். உண்மையில் அவள் என் வீட்டில், என் சமையலில், உறைப்புத் தாங்காமல் முழிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். புட்டு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. கோழிக்கறிக்கு ஒரு கரண்டி தூள் கூடவே போட்டேன். பிலோமினா அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன்.

அவள் வந்தாள், கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொருளோடு. பிரித்துப் பார்த்தால் வாழைப்பொத்தி.

“சாப்பாடு என்று யோகன் சொன்னார். எனக்குத் தெரியாது. பறவைகளுக்கு வேறு பூ இருக்கிறது,” என்றாள் ஆங்கிலத்தில்.

எனக்கு அதை வாங்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை. சமையலறைக்குள் கொண்டுபோய் நரம்பெடுத்து, மஞ்சள் தண்ணியில் போட்டு, அரிந்து வறுத்தேன். கை பிசுபிசுக்க, ‘இவள் ஏன் இப்படி இருக்கிறாள்’ என்று கோபம் வந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் இலகு.

கிர்ஸ்டன் கோழிக்கறியைச் சாப்பிட்டாள். முகம் சிவந்தது, மூக்கால் ஓடியது, துடைத்துவிட்டு இன்னும் போட்டாள். யோகன்தான் இருமினார். வறையை வாயில் வைத்து மெதுவாகச் சப்பினாள். பிறகு முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, டேனிஷில் நீளமாக ஏதோ சொன்னாள். ஆங்கிலத்தில் சொல்ல வராத விஷயம் போல. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

யோகனுடைய கை பாதி வழியில் நின்றது.

“என்ன சொல்லுறா?”

“சாப்பாடு நல்லா இருக்காம்.”

பிலோமினா அக்கா தண்ணீர்க் கிளாசை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டா.

பீங்கான் கழுவும்போது நான் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கேட்டேன். “அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. அது சாப்பாட்டுக் கதை இல்லையே.”

“இல்லைப் பிள்ளை.” அக்கா கையைத் துடைத்தா. “‘உங்களுக்காக இந்த மனுசன் காத்திருந்ததை நான் பாத்தனான். எனக்காக ஒருத்தரும் அப்பிடிக் காத்திருக்கேல்லை. உங்களிலை எனக்குப் பொறாமை’ எண்டு சொன்னவள்.”

“அவளுக்கோ? என்னிலையோ?”

“இஞ்ச அதுக்கு ரெண்டு சொல்லு இருக்கு. மொழி வகுப்பிலை சொல்லித் தந்தவை. என்ரை ஆளைப் பறிச்சுப்போடுவினம் எண்டு எரியிறது ஒண்டு. மற்றவளிட்டை இருக்கிறது எனக்கு இல்லையே எண்டு எரியிறது வேறை. அவள் சொன்னது இந்த ரெண்டாவது.”

“நான் எது அக்கா?”

“உமக்கு ரெண்டும் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அக்கா மேல்மாடிக்குப் போய்விட்டா.

கிர்ஸ்டன் போனபிறகும் வெளிச்சமாகவே இருந்தது. அந்த நாட்டில் வைகாசியில் பொழுது போக மனமில்லாமல் நிற்கும். இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். குளிர்ந்த, அலையில்லாத கடல். எங்களைக் கடந்து சைக்கிள்கள் போயின.

“அவ உங்களைக் கேட்டவவோ?” என்றேன்.

என்ன கேட்டது என்று அவர் கேட்கவில்லை. “ஓம்,” என்றார்.

“எப்ப?”

“உம்மடை விசா நிண்டுபோன மாரிக் குளிர் காலம். ஆரைக் கேட்டாலும் தெரியாது எண்டவை. ஊரிலை சண்டை வேறை. நீர் இருக்கிறீரோ இல்லையோ எண்டே தெரியாது.”

“என்ன சொன்னீங்கள்?”

“உடனை ஒண்டும் சொல்லேல்லை.”

“எவ்வளவு நாள்?”

“அந்த மாரி முழுக்க,” என்றார். “பனி கரைஞ்ச பிறகு இல்லை எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகு அவ கேக்கேல்லை. வேறை ஒண்டும் இல்லை, சத்தியமாய்.”

வேறு ஒன்றும் இல்லை என்று நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்த மாரி முழுக்க அவர் யோசித்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் காலையில் அந்தச் சூட்டுக்குள், அந்தப் பூக்களுக்குள், ஓம் என்று சொல்லலாமா என்று யோசித்தபடி சீனி கரைத்திருக்கிறார். நடந்துவிட்ட ஒன்றுக்குச் சண்டை பிடிக்கலாம். யோசனையோடு என்ன சண்டை பிடிப்பது?

“வேணுமெண்டால் வேலையை விடுறன்,” என்றார்.

நான் அவருக்கு முன்னால் நடந்தேன். அடுத்த நாள் முழுவதும் நான் அவரோடு கதைக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. தேத்தண்ணி போட்டு மேசையில் வைத்தேன், எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த நாள், அவர் பூங்கன்று ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகிற நாள் என்று தெரிந்துகொண்டு, நான் கண்ணாடி வீட்டுக்குப் போனேன். ரயிலில் பித்தானை நானே அமத்தினேன். கிர்ஸ்டன் பின்னறையில் ஒரு பெரிய ஜக்கில் சீனித்தண்ணீர் கலக்கிக்கொண்டு நின்றாள். பூத் தேன் போதாத நாட்களுக்கு அது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நேராகவே கேட்டேன். “இன்னும் அவர் வேண்டுமா உனக்கு?”

எங்கள் ஆட்கள் என்றால் ஐயோ என்பார்கள், அழுவார்கள், சாமி மேல் சத்தியம் செய்வார்கள். அவள் கலக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். “ஆம்,” என்றாள். “சில நாட்களில். ஆனால் அவர் என்னுடையவர் அல்ல. அது எனக்குத் தெரியும்.”

அந்தப் பதிலுக்கு நான் ஆயத்தமாகப் போகவில்லை. ஒரு சாக்கின் மேல் இருந்தேன். இருந்த பிறகுதான் அது சீனிச் சாக்கு என்று கண்டேன். மூலையில் இன்னும் இரண்டு சாக்கு.

“உன்னிடம் ஒன்று கேட்கலாமா?” என்றாள் கிர்ஸ்டன். “அவர் காத்திருந்ததை நான் பார்த்தேன். நீ எப்படிக் காத்திருந்தாய்? அவருக்குத் தெரியவில்லை. நான் கேட்டிருக்கிறேன்.”

வந்ததிலிருந்து என்னை ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

நான் சொல்லத் தொடங்கினேன். இந்தியன் ஆமி சண்டை தொடங்கிய ஐப்பசியில் யோகனின் அம்மாவை, என் மாமியை, கூட்டிக்கொண்டு என் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே அகதியாகப் போனதைச் சொன்னேன். ஆய்வுகூடத்து வாங்கில் மாமியைப் படுக்க வைத்தேன். ஊரடங்கு, ஷெல், வெளியே கால் வைக்க ஏலாது. மாமிக்குக் காய்ச்சல் கூடிக்கொண்டு போனது. ஒருநாள் பின்னேரம் சீனி போட்டு ஒரு தேத்தண்ணி வேணும் என்றா. அந்தப் பள்ளிக்கூடம் முழுக்கச் சீனி இல்லை. வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டேன். குழந்தையோடு இருந்த ஒரு தாய் தன் குளுக்கோஸ் பெட்டியிலிருந்து ஒரு கரண்டி தந்தா. கலக்கிக்கொண்டு வந்து பருக்கினேன். மாமி இரண்டு மிடறு குடித்துவிட்டு, “இனிப்பாய்க் கிடக்கு. யோகன் கொண்டந்தவனோ?” என்றா.

“நீ என்ன சொன்னாய்?” என்றாள் கிர்ஸ்டன்.

“ஓம் என்றேன். அவர்தான் கொண்டுவந்தார் என்றேன். மாமி சிரித்தா. விடிய உயிர் இல்லை.”

கிர்ஸ்டன் ஜக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்போது எனக்கு எரிச்சல் வந்தது,” என்றேன். “அழ வேண்டிய நேரத்தில். வகுப்பு வகுப்பாக அலைந்தவள் நான். அந்தச் சிரிப்பு அவருக்குப் போனது.” அதை நான் அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. மாமி செத்துப்போனா என்ற செய்தியை மட்டும் அவருக்கு அறிவித்தேன்.

கிர்ஸ்டன் வந்து சாக்கின் மறுபக்கத்தில் இருந்தாள். தோளைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. பிறகு பறவைகளுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு குழாயை என் கையில் தந்தாள். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாக நிரப்பிக்கொண்டு போனோம்.

அன்றைக்குப் பின்னேரம் யோகன் வீட்டுக்கு வந்தபோது சப்பாத்தைக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“கிர்ஸ்டன் சொன்னவ,” என்றார்.

நான் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“அம்மா கடைசியா என்னைக் கேட்டவ எண்டு ஒரு வெள்ளைக்காரி சொல்லித்தானோ எனக்குத் தெரியவேணும்? அவவுக்குச் சொல்லியிருக்கிறீர். இருந்து, ஆறுதலாக் கதைச்சிருக்கிறீர். எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை.”

அவர் கதவு நிலையைப் பிடித்தார். “என்னை விட்டிட்டு அவவிட்டைச் சொல்ல, அவ உமக்கு ஆர்?” என்றார். அந்தக் குரலில் துக்கம் இருந்தது, கோபம் இருந்தது. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்த ஒரு கிழமையாக நான் அதோடுதான் படுத்து எழும்பினேன். எங்கே கேட்டாலும் எனக்கு அதை அடையாளம் தெரியும்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எனக்கு அது நல்லாக இருந்தது.

“இப்ப கேக்கிறன்,” என்றார். “முழுக்கச் சொல்லும். அவவுக்குச் சொல்லாததையும் சொல்லும்.”

நான் அடுப்பை நிற்பாட்டினேன். ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் போட்டேன், மற்றதில் நான் இருந்தேன். கையில் வெங்காய மணத்தோடு, அவர் ஊரைவிட்டுப் போன அன்றைக்கு விடியற்காலையிலிருந்து தொடங்கினேன்.